பதில் சொல்லக்கூடாது

முத்தையன்கட்டு இடதுகரை வாய்க்காலுக்கு
இந்தப் பக்கம் என் பரண்,
அந்தப் பக்கம் புஸ்பகாந்தியின் பரண்.
கதிர் பால் பிடித்துவிட்டது.
வேலியில் புதன்கிழமையிலிருந்து மின்சாரம் இல்லை.
நித்திரை கொண்டால் நெல் இல்லை.

அதற்காக ஒரு விளையாட்டு. அவள் கண்டுபிடித்தது.
சட்டம் ஒன்றே ஒன்று:
கேள்வி கேட்கலாம், பதில் சொல்லக்கூடாது.

உயர்தரத்தில் ஐரோப்பிய வரலாறு எடுத்தவள்.
அனுமதி அட்டை வந்தது,
சோதினை வரவில்லை.
நான் ஒன்பதாம் வகுப்பு. உழவு மெசின் திருத்துகிறவன்.

பத்தரை மணிக்கு வாய்க்காலுக்கு மேலால் அவள் குரல்:
'ஹனிபால் முப்பத்தேழு யானையோடு
பனிமலை தாண்டினானே,
அடிவாரத்தில் தோட்டம் செய்தவன்
எந்தத் தகரத்தைத் தட்டினான்?'

நான் கேட்டேன்:
'பனிக்குள்ளே அதுகளுக்கு
என்னத்தை ஒடித்துப் போட்டான்?'

தவளைகள்.
பிளாஸ்க்கின் மூடி திறக்கிற சத்தம்.

'பிராக் நகரத்தில் மூன்று பேரை
ஜன்னலால் தூக்கி எறிந்தார்களாம்.
மூவரும் உயிரோடு எழும்பினார்கள்.
கீழே சாணிக் குவியல் என்று ஒரு கதை.
அதை அன்றைக்கு அள்ளாமல் விட்ட சோம்பேறிக்கு
என்ன பெயர்?'

சிரித்தேன். சிரிக்கலாம், சட்டத்தில் தடையில்லை.

'ரோமாபுரி விழுந்தது என்று படித்தாயே,
விழுந்த சத்தம் யாருக்காவது கேட்டதா?
அடுத்த நாளும் தண்ணீர் திறக்க
ஆள் போயிருப்பான்தானே?'

'பாப்பரசர் நாட்காட்டியைத் திருத்தின வருசம்
ஒக்ரோபர் நாலாம் திகதி படுத்தவர்கள்
பதினைந்தாம் திகதி எழும்பினார்கள்.
காணாமல்போன பத்து நாளுக்கும்
வட்டி எழுதினார்களா?'

இதை அவள் பகிடியாகக் கேட்கவில்லை.
திங்கட்கிழமைகளில் நுண்கடன் பெடியன்
மோட்டார்சைக்கிளை நிறுத்தாமலே
அவள் படலையில் ஹோர்ன் அடிப்பான்.

ஒரு மணியிருக்கும். கண் சொருகியது.
விழுந்துவிடாமல் இருக்க வாயில் வந்ததைக் கேட்டேன்:
'நூறாண்டுப் போர் என்கிறார்களே,
முதல் நாள் காலையில் கஞ்சி காய்ச்சியவளுக்கு
யார் சொன்னது, இது நூறு வருசம் என்று?'

நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு, மெதுவாக:
'எங்களுக்கு யார் சொன்னது?'

சட்டப்படி அதுவும் கேள்விதான்.
என் முறை. நான் கேட்கவில்லை.

அவளே பேச்சை மாற்றினாள்.
ஒல்லாந்தன் வன்னிமைகளிடம்
யானையாக வரி வாங்கின காலம்.
இந்தக் காட்டில் பிடித்து, வடக்கே நடத்தி,
யானையிறவுத் தண்ணீரில் இறக்கி,
அங்கிருந்து கப்பல்.
'முழங்கால் நனைந்தபோது
ஒன்றாவது திரும்பிப் பார்த்ததா?'

அப்போதுதான் நாணல் முறிந்தது.

ஒற்றை அலியன்.
எங்கள் இருவருக்கும் நடுவில், வாய்க்காலில்,
அவசரமில்லாமல் தண்ணீர் குடித்தது.
என் வெடில் பனியில் ஊறிப்போயிருந்தது.
அவளிடம் ஒரு ரோச், அதிலும் பழைய பற்றரி.
மஞ்சள் வெளிச்சம் அதன் காதில் விழுந்து நடுங்கியது.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன்.
பக்கத்து வீட்டுக்காரனிடம் கேட்பதுபோல் கேட்டாள்:
'ஒல்லாந்தன் உன் ஆக்களை
எத்தனை முழம் என்று எழுதினான்?'

அதுவும் சட்டத்தை மீறவில்லை.
கரையேறி, அவள் வயலுக்குள் போய்,
சாப்பிட்டது.

விடிய, கால்தடங்களில் தண்ணீர் நின்றது,
ஒவ்வொன்றும் ஒரு கிடாரம் அளவு.
கிராம அலுவலரிடம் படிவம் எடுத்து வந்தோம்.
இழப்பு: அரை ஏக்கர்.
காரணம்: யானை.
நேரம்: அதிகாலை இரண்டு பத்து.
வேறு விபரங்கள் என்று நாலு வெறும் கோடு.

என் பேனையை வாங்கி,
கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள்.
எட்டிப் பார்த்தேன்.
கடைசியில் இருந்த கேள்விக்குறி மட்டும் தெரிந்தது.

வேலி திருத்த ஆள்
அடுத்த புதன்தான் வருவானாம்.